மாவு அச்சா? மந்திரக் குச்சியா?

என் பெரியம்மாவுக்கு வயது 74. மயிலாப்பூர் சித்திரைக்குளம் பக்கத்தில் குடியிருக்கிறார். பேச்சில் கெட்டிக்காரர். கீரைக்காரியிடம் அவர் பேரம் பேசினால் தெருவே நின்று வேடிக்கை பார்க்கும்.

அப்பேர்ப்பட்டவர் ஆறு மாதம் வாயைத் திறக்கவில்லை.

கோபம் அல்ல. மௌன விரதமும் அல்ல. புதுப் பல் செட்!

பேச ஆரம்பித்தால் கீழ்ப் பல் செட் படகு மாதிரி மிதந்து மேலே வந்தது. ஒரு கல்யாணப் பந்தியில் அப்பளத்தைக் கடித்தார். பல் செட் கழன்று இலையில் விழுந்தது. எதிர்ப் பந்தியில் இருந்த சிறு பையன் சிரித்துவிட்டான். பெரியம்மா பாயசத்துக்குக்கூட உட்காரவில்லை. எழுந்து வந்துவிட்டார்.

அதன் பிறகு கல்யாணம், காதுகுத்து எதற்கும் போவதில்லை. யாராவது வீட்டுக்கு வந்தால் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொள்வார். சாப்பாடு, ரசம் விட்டுக் கரைத்த சாதம்தான். ஆள் பாதியாக இளைத்துப் போனார்.

அந்தப் பல் செட் ஒன்றும் மலிவுச் சரக்கு அல்ல. சிங்கப்பூரில் இருக்கும் அண்ணன், "அம்மாவுக்கு எது புதுசோ, எது உசத்தியோ, அதையே செய்" என்று பணம் அனுப்பினார். நான்தான் தியாகராய நகரில் உள்ள ஒரு பெரிய பல் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். குளுகுளு அறை. மெத்தை நாற்காலி. எதிரே டெலிவிஷன் மாதிரி ஒரு திரை.

"மாவு வைத்து அளவு எடுப்பதெல்லாம் பழைய காலத்து முறை, பாட்டி. இப்போது எல்லாம் ஸ்கேன்தான்" என்றார் அங்கிருந்த இளம் டாக்டர்.

கனத்த பேனா மாதிரி ஒரு குச்சி. அதன் நுனியில் வெளிச்சம். வாய்க்குள் விட்டு இப்படியும் அப்படியும் ஓட்டினார். சில நிமிடங்களில் பெரியம்மாவின் ஈறு முழுவதும் கலர் படமாகத் திரையில் சுற்றியது. எனக்கே மூக்கின் மேல் விரல் வைக்கத் தோன்றியது. மந்திரக் குச்சிதான் என்று நினைத்தேன். ஆகவே நடந்த தப்பில் எனக்கும் பங்கு உண்டு.

இன்று என் அபிப்பிராயம் இதுதான். வாயில் ஒரு பல்கூட இல்லாமல் முழுப் பல் செட் கட்டிக்கொள்கிறவர்கள், கையால் எடுக்கும் மாவு அச்சையே கேட்டு வாங்க வேண்டும். ஒற்றைப் பல்லுக்குக் கேப் போடுகிறவர்கள் ஸ்கேன் எடுத்துக்கொள்ளட்டும். அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை.

ஏன் இப்படிச் சொல்கிறேன்?

பல் செட் எதனால் நிற்கிறது?

இரண்டு கண்ணாடித் துண்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு ஒட்டுங்கள். பிறகு பிரித்துப் பாருங்கள். லேசில் வராது.

பல் செட்டும் அப்படித்தான் நிற்கிறது. பசை இல்லை, ஆணி இல்லை. ஈறுக்கும் செட்டுக்கும் நடுவே மெல்லிய எச்சில் படலம். சுற்றிலும் விளிம்பு இடைவெளி இல்லாமல் சதையோடு பொருந்தியிருக்க வேண்டும். காற்று உள்ளே புகுந்தால் போச்சு, கழன்றுவிடும்.

மேல் செட்டுக்கு அண்ணம் முழுவதும் இடம் இருக்கிறது. கீழ் செட்டுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. குதிரை லாடம் மாதிரி ஒரு குறுகலான மேடுதான். நடுவில் நாக்கு வேறு சும்மா இராமல் இடித்துக்கொண்டே இருக்கும்.

போதாக்குறைக்கு, பல் போன பிறகு தாடை எலும்பு வருடா வருடம் கரைகிறது. பல் செட் போட்டவர்களை 25 வருட காலம் தொடர்ந்து கவனித்து வெளியிட்ட ஓர் ஆராய்ச்சி உண்டு. 1972-ல் வந்தது. முன்பக்கத்தில் மேல் தாடையைவிடக் கீழ்த் தாடை ஏறக்குறைய நான்கு மடங்கு கரைகிறது என்று அது சொல்கிறது. பல் செட் கட்டிய வீடுகளில் "கீழ் செட்டுதான் நிற்கவில்லை" என்ற புலம்பல் கேட்பதற்குக் காரணம் இதுதான்.

ஆக, பல் செட்டின் உயிர் விளிம்பில் இருக்கிறது. அந்த விளிம்போ அசைகிற சதையில் இருக்கிறது. கன்னம் அசையும். உதடு அசையும். நாக்கு அசையும். அந்த அசைவுக்கு இடம் விட்டு, அதே சமயம் காற்றுக்கு இடம் விடாமல் விளிம்பு அமைய வேண்டும்.

இங்கேதான் மந்திரக் குச்சி தடுமாறுகிறது. அது ஒரு காமிரா. நொடிக்குப் பல படங்கள் எடுக்கிறது. கம்ப்யூட்டர் அந்தப் படங்களை ஒன்றோடு ஒன்று ஒட்டித் தைக்கிறது. பல் இருக்கும் வாயில் மேடும் பள்ளமும் இருப்பதால் எந்தப் படத்தோடு எந்தப் படம் சேரும் என்று அதற்குச் சுலபமாகத் தெரியும். பல் இல்லாத வாய் வழுவழுப்பானது. எச்சில் பட்டுப் பளபளக்கும். அடையாளம் இல்லாத மணல்வெளியில் வழி கண்டுபிடிப்பது போன்ற வேலை அது.

மேலும், படம் எடுக்கும்போது கன்னத்தை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டுதான் எடுக்க வேண்டும். பேசும்போதும் மெல்லும்போதும் அந்தக் கன்னம் எங்கே வந்து நிற்கும்? அது படத்தில் விழாது.

"ஊ" சொல்லுங்கள், "ஈ" சொல்லுங்கள்!

ஆறு மாதம் கழித்துப் பெரியம்மாவை மந்தைவெளியில் ஒரு பெரியவரிடம் அழைத்துப் போனேன். மாடிப்படி ஏறியதும் ஒற்றை அறை. சுவரில் ஒரு முருகன் படம். மூலையில் குழாயடியில் பிளாஸ்டர் பொடி சிந்திக் கிடந்தது. உண்மையைச் சொன்னால், எனக்கு நம்பிக்கையே வரவில்லை.

அவர் பழைய செட்டைக் கையில் வாங்கிப் பார்த்தார். யாரையும் குறை சொல்லவில்லை.

"ஐந்து தடவை வர வேண்டும். முடியுமா அம்மா?" என்று மட்டும் கேட்டார்.

பெரியம்மா என் முகத்தைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

முதல் நாள், பொடியைத் தண்ணீரில் குழைத்து, கரண்டி மாதிரி ஒரு தட்டில் வைத்து வாயில் அழுத்தினார். இரண்டு மூன்று நிமிடத்தில் அது ரப்பர் மாதிரி இறுகியது. அதை எடுத்து, தாமதிக்காமல் உள்ளே பிளாஸ்டர் ஊற்றினார். "இதைச் சும்மா வைத்தால் காய்ந்து சுருங்கிவிடும். தண்ணீரில் போட்டால் ஊதிவிடும். அதனால் உடனே ஊற்ற வேண்டும்" என்றார்.

அந்தப் பிளாஸ்டர் உருவத்தின் மேல், பெரியம்மாவின் வாய்க்கென்றே ஒரு தனித் தட்டுச் செய்தார். கடையில் வாங்கிய தட்டு ஊருக்கெல்லாம் பொது. இது பெரியம்மாவுக்கு மட்டும்.

இரண்டாம் தடவைதான் விசேஷம். பச்சை நிறத்தில் மெழுகுவத்தி மாதிரி ஒரு குச்சி. அதை விளக்கில் காட்டி இளக்கினார். தட்டின் விளிம்பில் கொஞ்சம் ஒட்டினார். வெந்நீரில் முக்கி, சூட்டைத் தன் விரலில் பார்த்துவிட்டு வாயில் வைத்தார்.

"ஊ சொல்லுங்கள். ஈ சொல்லுங்கள். நாக்கை வெளியே நீட்டுங்கள். எச்சிலை விழுங்குங்கள்."

பெரியம்மா சொன்னபடியெல்லாம் செய்தார். கன்னமும் நாக்கும் அசைந்த அசைவுக்கு ஏற்ப அந்த இளகிய விளிம்பு தானே வளைந்து இறுகியது. கொஞ்சம் கொஞ்சமாக, சுற்றிலும் இப்படியே. கடைசியில் "ஆ" என்று சொல்லச் சொல்லி, உள் அண்ணம் எந்த இடத்தில் அசைய ஆரம்பிக்கிறது என்று குனிந்து பார்த்துக் கோடு போட்டுக்கொண்டார். மேல் செட் அங்கேதான் முடிய வேண்டுமாம். அதைத் தாண்டினால் குமட்டும். குறைந்தால் காற்றுப் புகும்.

பிறகு கிராம்பு மணக்கும் ஒரு களிம்பைத் தடவிக் கடைசி அச்சை எடுத்தார். தட்டை வெளியே எடுக்கப் பார்த்தபோது அது வரவில்லை. இழுத்தார். "டப்" என்று ஒரு சத்தம்!

டாக்டர் சிரித்தார். "இந்தச் சத்தம் கேட்டால் செட் நிற்கும்" என்றார்.

பெரியம்மாவும் சிரித்தார். ஆறு மாதத்துக்குப் பிறகு அப்போதுதான் அவர் சிரித்து நான் பார்த்தேன்.

அதிபருக்கு நீர்யானைத் தந்தம்

அச்சு எடுக்கும் வித்தைக்கு வயது 250-க்கு மேல். ஜெர்மனியில் பிரஷ்ய நாட்டு மன்னர் பிரெடரிக்கின் பல் வைத்தியர் பிலிப் பாப் என்பவர். மெழுகால் தாடையை அச்செடுத்து, அதில் பிளாஸ்டர் ஊற்றி உருவம் செய்யும் முறையை 1756-ல் புத்தகமாகவே எழுதிவிட்டார்.

அந்தக் காலத்துப் பல் செட் எப்படி இருந்தது தெரியுமா? அமெரிக்காவின் முதல் அதிபர் ஜார்ஜ் வாஷிங்டன் 1789-ல் பதவி ஏற்றபோது அவர் வாயில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு பல்! நீர்யானையின் தந்தத்தைச் செதுக்கி அவருக்குச் செட் செய்தார்கள். அந்த ஒற்றைப் பல்லுக்காக அதில் ஒரு துளை. அவர் மரப் பல் கட்டியிருந்தார் என்று சொல்வது வெறும் கட்டுக்கதை.

பிறகு 1850-களில் லண்டன் பல் வைத்தியர் சார்லஸ் ஸ்டென்ட் என்பவர், வெந்நீரில் இளகி ஆறினால் இறுகும் ஓர் அச்சுச் சரக்கைக் கண்டுபிடித்தார். இன்று இருதயக் குழாயில் "ஸ்டென்ட்" வைக்கிறார்களே, அந்தப் பெயர் இவருடையதுதான். பல் டாக்டரின் பெயர் இருதயத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டது!

இன்னொரு சங்கதி நமக்கு நெருக்கமானது. வாயில் வைக்கும் அந்தப் பொடி, கடலில் வளரும் பழுப்புப் பாசியிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட் என்ற பொருள். முன்பு டாக்டர்கள் வேறு வகைப் பாசியில் செய்த அகர் என்ற பொருளை உபயோகித்தார்கள். அது ஜப்பானிலிருந்து வந்துகொண்டிருந்தது. இரண்டாம் உலகப் போரில் வரத்து நின்றது. அப்போது கைகொடுத்ததுதான் ஆல்ஜினேட்.

அந்தப் பழுப்புப் பாசி நம் ராமநாதபுரம் கடலிலும் வளர்கிறது. கட்டக்கோரை என்பார்கள். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணுக்குக் கண்ணாடி கட்டிக்கொண்டு, பாறைகளுக்கு நடுவே முங்கிப் பாசி பறிப்பவர்கள் அங்குள்ள மீனவப் பெண்கள். ஆல்ஜினேட் எடுக்கும் தொழிற்சாலைகளுக்கு அது போகிறது. மாவு அச்சு என்று இளக்காரமாகச் சொல்கிறோமே, அதற்குப் பின்னால் இத்தனை பேர் உழைப்பு இருக்கிறது.

மந்திரக் குச்சி மட்டும் நேற்று முளைத்ததா? அதுவும் இல்லை. வெளிச்சத்தால் அச்செடுக்கலாம் என்று பிரான்சு நாட்டு மாணவர் பிரான்சுவா டூரே 1973-லேயே தம் ஆராய்ச்சிக் கட்டுரையில் எழுதினார். 1985-ல் சுவிட்சர்லாந்தில் சூரிச் பல்கலைக்கழகத்தில், படம் எடுத்து, யந்திரத்தில் கடைந்து, நோயாளி உட்கார்ந்திருக்கும்போதே பல் குழியை அடைத்துக் காட்டினார்கள். இரண்டு முறைகளுக்கும் பெரியவர்கள் உண்டு. நான் சொல்வது, எந்த வேலைக்கு எது என்பதைத்தான்.

சென்னையில்

நம் ஊருக்கு இந்தத் தொழில் பல வழியாக வந்தது. சீனாவில் ஹூபே மாகாணத்திலிருந்து வந்த குடும்பங்கள் சென்னையில் பல் கட்டும் தொழிலைத் தலைமுறை தலைமுறையாக நடத்தின. "சீன பல் வைத்தியர்" என்ற போர்டு பழைய சென்னைக்காரர்களுக்கு நன்றாக ஞாபகம் இருக்கும். தகப்பனிடம் பிள்ளை பார்த்துப் பழகிய கைத்தொழில் அது.

1948-ல் பல் வைத்தியர்களுக்கான சட்டம் வந்தது. 1953-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பல் மருத்துவப் பிரிவு ஆரம்பித்தார்கள். அதுதான் இன்று கோட்டை ரயில் நிலையம் எதிரே உள்ள தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி. பல் மருத்துவம் படிக்கிற ஒவ்வொரு மாணவரும் கையால் அச்செடுத்து முழுப் பல் செட் செய்து காட்டினால்தான் பட்டம் வாங்க முடியும். ஆகவே இந்த வித்தை தெரியாத டாக்டர் இல்லை. செய்வதற்குப் பொழுது இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

பொழுது என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். குற்றத்தை டாக்டர்கள் தலையில் மட்டும் போடுவது சரியல்ல. தியாகராய நகரில் "இரண்டே தடவை வந்தால் போதும்" என்றதும் என் மனம் குளிர்ந்ததே, அது ஏன்? ஐந்து தடவை லீவு போட வேண்டாம், ஐந்து தடவை ஆட்டோ பேச வேண்டாம் என்றுதானே! பெரியம்மாவுக்கு எது நல்லது என்று நான் யோசிக்கவில்லை. எனக்கு எது சௌகரியம் என்று யோசித்தேன். அதற்கு "புது முறை" என்று ஒரு பெயரும் கிடைத்தது.

வயதானவர்கள் இதைப் புரிந்துகொள்வார்கள். புரிந்துகொண்டு வாய் பேசாமல் இருப்பார்கள். "பரவாயில்லை, பழகிவிடும்" என்பார்கள். செட்டைக் கழற்றிக் கிண்ணத்தில் போட்டுவிட்டுக் கரைத்த சோற்றைக் குடிப்பார்கள். பொருந்தாத பல் செட் கிண்ணத்தில் கிடக்கும் வீடுகள் எத்தனையோ.

எதிர்க் கட்சி

அடையாறில் இருக்கும் என் சிநேகிதி இதைக் கேட்டுவிட்டு என்னோடு வாதாடினாள். அவளுக்கு வாயில் எதை வைத்தாலும் குமட்டல் வரும். மாவுத் தட்டை வைத்தால் வாந்திதான். அவளுக்கு ஒரு பல்லில் வேர் வைத்தியம் செய்து கேப் போட்டார்கள். ஸ்கேன்தான் எடுத்தார்கள். கேப் கச்சிதமாக உட்கார்ந்தது. "நீ ஊரையே பழைய காலத்துக்கு இழுக்கிறாய்" என்றாள்.

அவள் சொல்வது அவள் விஷயத்தில் சரி. ஒற்றைப் பல், பக்கத்துப் பல்லெல்லாம் அசையாமல் நிற்கிறது, குச்சிக்கு அது சுலபமான வேலை. உதடும் அண்ணமும் பிளந்து பிறக்கிற கைக்குழந்தைகளுக்கோ அதைவிட முக்கியம். மாவை வாயில் வைத்தால் குழந்தையின் மூச்சுக்கே ஆபத்து வரலாம். அங்கே ஒளிப்படம் பெரிய உபகாரம். பிளாஸ்டர் உருவம் கை தவறினால் உடையும், கம்ப்யூட்டரில் உள்ள படம் உடையாது என்பதும் வாஸ்தவம்.

மந்தைவெளி டாக்டரிடமே கேட்டேன். அவர் ஸ்கேனுக்கு விரோதி அல்ல. "அச்சைக் கையால் எடுத்து, அந்த அச்சை ஸ்கேன் செய்து, பல் செட்டை யந்திரத்தில் கடைகிறவர்கள் இருக்கிறார்கள். நல்ல முறைதான். வாயை மட்டும் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். என்னுடைய செட்டும் சில சமயம் நிற்காது. எலும்பே இல்லாவிட்டால் நான் என்ன செய்வேன்?" என்றார்.

அந்தக் கடைசி வார்த்தைக்காகவே அவர் மேல் எனக்கு மரியாதை வந்தது.

ஸ்கேன் யந்திரத்தின் விலை பல லட்சம் ரூபாய். மாவுப் பொட்டலம் சில நூறு ரூபாய். லட்சங்களைப் போட்டவர் அதை எல்லார் வாயிலும் ஓட்டிப் பார்க்கத்தான் ஆசைப்படுவார். அது மனித சுபாவம். ஆனால் உட்காருகிற நாற்காலிக்குச் சொந்தக்காரர் டாக்டர் என்றாலும், வாய் நம்முடையது. "முழு செட்டுக்கு விளிம்பை எப்படி அளவெடுப்பீர்கள், டாக்டர்?" என்று ஒரு வார்த்தை கேட்டால் குற்றமில்லை. நல்ல டாக்டர் கோபிக்க மாட்டார். உட்கார வைத்து விளக்குவார். "இது பழசு, அது புதுசு" என்பது மட்டுமே பதிலாக வந்தால், இன்னொரு இடத்தில் விசாரியுங்கள்.

ஐந்தாம் தடவை போய்ப் பல் செட்டை வாங்கி வந்தோம். முதல் பத்து நாள் ஈறு வலித்தது. இரண்டு தடவை போய் ராவிச் சரி செய்துகொண்டு வந்தோம். ஆக மொத்தம் ஏழு தடவை! ஆபீசில் என் லீவுக் கணக்கைப் பார்த்து ஆசிரியர் முகம் சுளித்தது தனிக் கதை.

நவராத்திரிக்குப் பெரியம்மா வீட்டில் கொலு வைத்தார். வந்தவர்களை எல்லாம் நிறுத்தி வைத்துப் பேசினார். சுண்டலையும் ஒரு பிடி வாயில் போட்டுக்கொண்டார்.

அன்று இரவு சிங்கப்பூரிலிருந்து அண்ணன் போனில் கூப்பிட்டார். அம்மாவின் பல் படம் கம்ப்யூட்டரில் இருந்தால் தனக்கும் ஒரு காப்பி அனுப்பச் சொன்னார். பத்திரமாக வைத்துக்கொள்ளலாமாம்.

"படம் எல்லாம் இல்லையடா. என் தாடையைப் பிளாஸ்டரில் செய்து டாக்டர் கொடுத்திருக்கிறார். பீரோவில் பட்டுப்புடவைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். வேண்டுமானால் லீவு போட்டுவிட்டு வந்து பார்" என்றார் பெரியம்மா.